பாயில் அமர்ந்து பார்த்த டோக்கியோ

திரைப்படம் என்பது இருட்டில், முன்பின் அறியாத நூறு பேர் நடுவில் அமர்ந்து பார்க்க வேண்டிய கலை என்று திரைப்பட ஆர்வலர்கள் கூறுவதை மறுப்பதற்கில்லை. பெரிய திரையும், அதன் முன் நம்மை மறந்து கிடக்கும் இரண்டு மணி நேரமும் வீட்டுக் கூடத்தில் கிட்டுவதில்லை. குக்கர் விசிலடிக்கும், அழைப்பு மணி ஒலிக்கும், உச்சகட்டக் காட்சியில் மின்சாரம் போகும். ஆயினும் உலகின் செவ்வியல் திரைப்படங்கள் என்று சொல்லத்தக்கவற்றில் நாங்கள் பார்த்த ஏறத்தாழ எல்லாவற்றையும் வீட்டில்தான் பார்த்திருக்கிறோம். வேறு வழியில்லாமல் தொடங்கிய பழக்கம் அது. ஆனால் சில படங்களுக்கு வீடே உரிய இடம், அரங்கைவிடவும் உரிய இடம் என்ற எண்ணம் எங்களுக்கு வலுப்பட்டிருக்கிறது. அதற்குக் காரணமான ஒரு படத்தையும், அதை எங்களோடு அமர்ந்து பார்த்த ஒருவரையும் பற்றியது இக்கட்டுரை.

நாங்கள் இருவரும் தமிழ் இலக்கியம் பயின்று, கல்லூரியில் அதையே பயிற்றுவிப்பவர்கள். மதுரையில் வசிக்கிறோம். எங்கள் தலைமுறைக்கு உலக சினிமா வந்து சேர்ந்த பாதை சற்றுச் சுற்றுவழி. சத்யஜித் ராயும் நண்பர்களும் கல்கத்தா பிலிம் சொசைட்டியைத் தொடங்கியது 1947இல். இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா 1952இல் பம்பாயில் தொடங்கிச் சென்னைக்கும் வந்தது. விட்டோரியோ டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்', அகிரா குரோசாவாவின் 'ரஷோமோன்' முதலியன அப்போதுதான் நம்மவர் பலரின் கண்ணில் பட்டன. ஆனால் விழாவும் சங்கமும் பெருநகரங்களின் பேறுகள். சிற்றூர்ப் பிள்ளைகளான எங்களுக்கு முதல் வாசல் தூர்தர்ஷன். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில், ஊரே உண்டு உறங்கும் வேளையில், வங்காளமும் மலையாளமும் கன்னடமும் பேசும் படங்கள் ஆங்கிலத் துணையெழுத்துகளுடன் ஓடும். பாதி புரியாமல் பார்த்தோம். புரியாத பாதிதான் நினைவில் நின்றது.

பிறகு எழுத்தின் வழியாகப் படங்களை அறிந்தோம். 'நிழல்' போன்ற சிற்றிதழ்களும், செழியன் ஆனந்த விகடனில் எழுதிய 'உலக சினிமா' தொடரும் பார்த்திராத படங்களை எங்களுக்குக் காட்டின. தமிழ் படித்தவர்களுக்கு இது விந்தையான அனுபவம் அன்று. தகடூர் யாத்திரை என்ற நூல் முழுமையாக நம் கைக்கு வரவில்லை. உரையாசிரியர் காட்டிய மேற்கோள்களாலும் தொகைநூலில் தப்பிய சில பாடல்களாலும் மட்டுமே அதை அறிவோம். ஓசுவும் பெர்க்மனும் தார்க்கோவ்ஸ்கியும் வெகுகாலம் எங்களுக்கு அத்தகைய நூல்களாகவே இருந்தனர். மூலம் கிடைத்தது குறுந்தகடுகளின் காலத்தில்தான். சென்னை செல்லும் நண்பர்கள் பர்மா பஜாரிலிருந்து வாங்கிவரும் தட்டுகளில் பல உரிமம் பெறாத படிகள். உரிமம் பெற்ற படி என்று ஒன்று எங்கள் ஊர்க் கடைகளில் இருந்ததும் இல்லை. ஒரு படம் இரண்டு விசிடிகளாக வரும். முதல் தட்டு முடிந்து இரண்டாம் தட்டைப் போடும் இடைவெளியில் தேநீர் குடிப்போம். இன்று இணையத்தில் சந்தா கட்டினால் அந்தப் படங்களில் பல ஒரு சொடுக்கில் வந்து நிற்கின்றன.

வீட்டில் பார்ப்பதன் முதல் நன்மை, நிறுத்திப் பார்க்கலாம் என்பது. செய்யுளை ஓர் அடியில் நிறுத்தி, முன் அடிக்குப் போய், மீண்டும் வருவதுபோல ஒரு காட்சியைப் படிக்க முடிந்தது. இந்த வாசிப்பு முறையிலேயே பல ஆண்டுகள் கழிந்தன. அம்மா உறங்கிய பிறகு, ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு, மாணவர்களைப்போல் பார்ப்போம்.

அம்மா என்று இங்கே குறிப்பிடுபவர் எங்களில் ஒருவருக்கு அம்மா, மற்றவருக்கு அத்தை. சொந்த ஊர் இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரைச் சிற்றூர். அப்பா மறைந்த பிறகு ஊர்வீட்டைப் பூட்டிவிட்டு, சென்னை, கோவை, மதுரை என மூன்று பிள்ளைகள் வீட்டிலும் நான்கு நான்கு மாதமாக இருந்து வந்தார். இந்த ஏற்பாட்டில் யாருக்கும் மனக்குறை இல்லை என்றே மூன்று வீடுகளிலும் பேசிக்கொண்டோம். அம்மாவும் குறை என்று எதையும் சொன்னதில்லை. அவருடைய துணிப்பை மட்டும் எந்த வீட்டிலும் முழுதாகக் காலியானதில்லை.

முதலில் அவர் எங்களோடு அமர்ந்தது 'பதேர் பாஞ்சாலி' (1955) ஓடிய இரவில். உறக்கம் வரவில்லை என்று எழுந்து வந்தவர், இந்திர் தாக்ருண் என்ற கிழவி ஓடுபோன்ற முதுகை வளைத்துக்கொண்டு மூட்டையுடன் வேறு வீடு தேடிப் புறப்படும் காட்சியில் சுவரோரம் அமர்ந்துவிட்டார். அந்தப் பாத்திரத்தில் நடித்த சுனிபாலா தேவிக்கு அப்போது ஏறக்குறைய எண்பது வயது. படம் வெளிவருமுன் இறந்துபோனார். அதுவரை அவர் இருக்கமாட்டார் என்று உணர்ந்த ராய், அவர் வீட்டுக்கே சென்று படத்தைத் திரையிட்டுக் காட்டினார் என்று அவரைப் பற்றிய குறிப்புகள் கூறுகின்றன. உலகம் கொண்டாடிய ஒரு படத்தின் முதல் பார்வையாளர்களில் ஒருவர் தம் வீட்டிலிருந்தே அதைப் பார்த்த மூதாட்டி என்பதை அம்மாவிடம் சொன்னோம். “பாத்துட்டுத்தான போனாக, அது போதும்” என்றார்.

அதன்பின் சனிக்கிழமை இரவுகளில் அவருக்கும் ஓர் இடம் உண்டாயிற்று. அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. ஆகவே நாங்கள் மாறி மாறித் துணையெழுத்துகளைத் தமிழில் சொல்லத் தொடங்கினோம். யசுஜிரோ ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' (1953) எங்கள் கூடத்துக்கு வந்தது அப்படித்தான்.

கதை மிக எளியது. ஓனோமிச்சி என்ற துறைமுக ஊரில் கடைசி மகளோடு வாழும் முதிய தம்பதியர் ஷுகிச்சியும் தோமியும், டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் புறப்படுகின்றனர். மூத்த மகன் புறநகரில் மருத்துவர். மகள் ஷிகே அழகு நிலையம் நடத்துகிறாள். இருவருக்கும் வேலை. பெற்றோரை அதாமி என்ற வெந்நீர் ஊற்று ஊருக்கு அனுப்பி வைக்கின்றனர். அங்கே இரவெல்லாம் இரைச்சல். போரில் இறந்த இரண்டாம் மகனின் மனைவி நோரிக்கோ மட்டும் அலுவலகத்தில் விடுப்புப் பெற்று அவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிறாள். ஊர் திரும்பும் வழியில் தோமிக்கு உடல்நலம் குன்றுகிறது. வீடு சேர்ந்ததும் இறந்துபோகிறார். பிள்ளைகள் வருகின்றனர், சடங்கு முடிகிறது, புறப்படுகின்றனர். 136 நிமிடப் படம் அவ்வளவுதான். யாரும் குரலை உயர்த்துவதில்லை.

படம் தொடங்கிய சிறிது நேரத்தில் ஒன்றைக் கவனித்தோம். ஓசுவின் கேமரா தரையோடு தாழ்ந்து நிற்கும் என்பதும், பாயில் அமர்ந்திருப்பவரின் பார்வை மட்டம் அது என்பதும் கட்டுரைகளில் பலமுறை படித்த செய்திதான். எங்கள் தொலைக்காட்சிப் பெட்டி ஒரு குட்டை மேசைமேல் இருக்கிறது. நாங்கள் நாற்காலியில் இருந்தோம். அம்மா கோரைப்பாயில், சுவரில் சாய்ந்து, கால் நீட்டி அமர்ந்திருந்தார். திரையில் தோமி அமர்ந்திருந்த உயரமும் அம்மா அமர்ந்திருந்த உயரமும் ஒன்றாக இருந்தன. நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு நாங்களும் தரைக்கு வந்தோம். சட்டகம் சரியாக அமைந்தது. ஓசுவின் மனிதர்கள் பேசும்போது ஏறத்தாழ நேராகக் கேமராவையே நோக்குவார்கள் என்பதால், அதன்பின் அவர்கள் எங்கள் கூடத்தில் எதிரில் அமர்ந்து பேசுவதுபோலவே இருந்தது. அம்மா அவர்களுக்குப் பதிலும் சொன்னார். புறப்படுமுன் காற்றுத் தலையணை யாரிடம் இருக்கிறது என்று கிழவர் மனைவியைக் கேட்டுக் கேட்டுக் கடைசியில் தம்மிடமே கண்டெடுக்கும்போது, “எல்லா வீட்டுலயும் இதே கததான்” என்றார்.

மொழிபெயர்த்துச் சொல்வதில் ஒரு சிக்கல் எழுந்தது. நோரிக்கோ மாமியாரை அழைக்கும் சொல்லை ஆங்கிலத் துணையெழுத்து 'மதர்' என்கிறது. ஜப்பானியத்திலும் அவள் அழைப்பது 'ஒகாசான்' என்று, அதாவது அம்மா என்றே. நம் பக்கத்து மருமகள் அப்படி அழைக்க மாட்டாள், அத்தை என்பாள். அந்த முறை சொல்லிக்கொண்டிருந்தவர் அம்மாவை அத்தை என்று அழைப்பவர். இயல்பாக “அத்தை, இங்கே படுத்துக்கொள்ளுங்கள்” என்று வந்தது. அந்தக் கணத்தில் நோரிக்கோ எங்கள் வீட்டு மனுஷியாகிவிட்டாள். அரங்கின் இருட்டில், அவரவர் வாசித்துக்கொள்ளும் எழுத்தில், இந்தச் சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

டோக்கியோவில் மகன் வீட்டுக்கு அவர்கள் வந்து சேர்ந்து அரை மணிகூட ஆகியிராது. அம்மா கேட்டார்: “திரும்பிப் போறதுக்கு டிக்கெட்டு எடுத்துட்டாகளா?”

படத்தில் அப்படி ஒரு செய்தி வரவில்லை என்றோம். “எடுத்திருப்பாக. எடுக்காம வரமாட்டாக” என்று தாமே விடை சொல்லிக்கொண்டார். எங்கள் கூடத்தில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. அம்மாவின் கோவைப் பயணத்துக்கான முன்பதிவு, மூன்று வாரத்துக்குப் பிந்தைய தேதியிட்டு, எங்கள் கைபேசியில் இருந்தது.

ஷிகே வரும் காட்சிகளில் நாங்கள் அம்மாவின் முகத்தைப் பார்த்தோம். பெற்றோருக்கு விலை கூடிய தின்பண்டம் வாங்கிவந்த கணவனிடம் அது வீண் என்கிறாள். வந்திருப்பது யார் என்று கேட்கும் வாடிக்கையாளரிடம் ஊர்ப்பக்கம் தெரிந்தவர்கள் என்கிறாள். தாயின் இறுதிச் சடங்கு முடிந்த கையோடு அவருடைய கிமோனோவை நினைவுப்பொருளாகக் கேட்கிறாள். ஷிகேயின் சுயநலத்தையும் நோரிக்கோவின் பரிவையும் எதிரெதிரே நிறுத்தும் கட்டுரைகளை நிறையப் படித்திருக்கிறோம். அம்மா அந்தத் தராசைத் தொடவில்லை. “அவளும் கட வச்சிருக்காள்ல. நாலு பேரு காத்துக்கெடக்கைல என்ன செய்வா? சேல கேட்டதும் தப்பில்ல. ஆத்தா சேல வேணும்னு கேக்குறா, வேற யாரு சேலயக் கேக்கப்போறா?” என்றார். படத்தின் முடிவில் கடைசி மகள் கியோக்கோ, அண்ணனும் அக்காவும் உடனே புறப்பட்டுவிட்டதை எண்ணிக் கொதிக்கும்போது நோரிக்கோ அவளுக்குச் சொல்லும் விளக்கமும் ஏறக்குறைய இதுதான். பிள்ளைகள் வளர்ந்தால் அவர்களுக்கென்று ஒரு வாழ்க்கை ஏற்படுகிறது என்கிறாள். ஓசு யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. திருமணம் செய்துகொள்ளாத அவர், 1962இல் தாயார் மறையும்வரை அவரோடு ஒரே வீட்டில் வாழ்ந்தவர். மறு ஆண்டு டிசம்பர் 12 அன்று, தம் அறுபதாம் பிறந்த நாளில் தாமும் இறந்தார். வீடு என்பதன் கணக்குவழக்கை அறிந்த ஒருவர் எடுத்த படம் இது.

இன்னொன்றும் அம்மா கேட்டார்: “ரயில் ஏறுனத ஏன் காட்டல?” கூர்மையான கேள்வி. ஓனோமிச்சியில் மூட்டை கட்டுகிறார்கள், அடுத்துப் புகைபோக்கிகள், டோக்கியோ வந்துவிட்டது. தோமிக்கு ரயிலில் உடல்நலம் குன்றியதையும் பிறர் சொல்லித்தான் அறிகிறோம். இத்தனையும் விலக்கிய ஓசு, இறுதியில் நோரிக்கோவின் ரயில் பயணத்தை மட்டும் காட்டுகிறார். மாமியாரின் கடிகாரத்தை மாமனார் அவளுக்குக் கொடுத்திருக்கிறார். அதை எடுத்துப் பார்த்தபடி அவள் போகிறாள். முன்னே மறைத்ததெல்லாம் இந்த ஒரு பயணத்தைக் காட்டுவதற்காகத்தானோ என்று தோன்றியது.

காட்சிகளுக்கு நடுவே ஓசு வைக்கும் ஆளற்ற படிமங்கள், கொடியில் காயும் துணி, கல்விளக்கு, துறைமுகத்தில் செல்லும் படகு முதலியன, தமிழ் மாணவருக்கு அயலானவை அல்ல. நிலமும் பொழுதும் கருப்பொருளும் பேசட்டும், உரிப்பொருள் தானே புலப்படும் என்பது நம் அகக்கவிதையின் வழி. இப்படம் தொடங்குவதும் முடிவதும் கடற்கரை ஊரில். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். அது தலைவனை நினைந்து தலைவி இரங்குவது. இறந்தார்க்கு இரங்குவது புறத்திணையில் கையறுநிலை என்பதை வகுப்பில் பிரித்தே சொல்லித்தருகிறோம். ஆனால் சங்கப் பாடல்களில் சாப்பறைக்கும் நெய்தல் என்ற பெயர் உண்டு. தோமியின் இறுதிச் சடங்கில் பௌத்தக் கோயிலில் மரமத்தளம் சீராக ஒலிக்கிறது. ஒசாகாவிலிருந்து தாமதமாக வந்து சேர்ந்த இளைய மகன் கெய்சோ அந்த ஒலியைத் தாங்க முடியாமல் எழுந்து வெளியே போய் அமர்கிறான். ஒவ்வொரு அடிக்கும் தாய் சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே போவதுபோல் அவனுக்குத் தோன்றுகிறது. பறையொலியும் கடலும் ஒரே சொல்லுக்குள் ஏன் வந்தன என்று நாங்கள் வகுப்பில் பலமுறை விளக்க முயன்றிருக்கிறோம். அந்தக் காட்சிக்குப் பின் அது எளிதாயிற்று.

இத்தகைய படம் உலகைச் சேர எடுத்துக்கொண்ட காலமும் கருதத்தக்கது. அயல்நாட்டார்க்குப் புரியாத அளவு ஜப்பானியத்தன்மை கொண்டவை என்று ஓசுவின் படங்கள் ஏற்றுமதி செய்யப்படாமல் இருந்தன. 1958இல் லண்டனில் சதர்லாந்து விருது கிடைத்தது; நியூயார்க் அரங்குகளில் வெளியானது 1972இல். 2012இல் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் உலக இயக்குநர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் இதற்கு முதலிடம். கிழவராக நடித்த சிஷு ரியூவுக்கு அப்போது வயது 49 என்பதைப் படித்தபோது, நாற்பதுகளைக் கடந்துகொண்டிருக்கும் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

இறுதிக் காட்சி. எல்லோரும் போய்விட்டனர். ஷுகிச்சி தம் வீட்டில் தனியே அமர்ந்து விசிறிக்கொண்டிருக்கிறார். தொடக்கத்தில் எட்டிப் பார்த்த அதே அண்டைவீட்டுப் பெண்மணி சன்னலில் நின்று தனிமை வாட்டுமே என்கிறார். கிழவர் சிரித்து ஆமோதிக்கிறார். கடலில் ஒரு படகு போகிறது. திரைப்பட வரலாற்றின் பெரும் துயரக் காட்சிகளுள் ஒன்றாக இதைச் சொல்வர். எங்களுக்கும் தொண்டை அடைத்திருந்தது. அம்மா முழங்காலில் கையூன்றி எழுந்துகொண்டே சொன்னார்: “தனியாத்தான் இருக்காரு. ஆனாலும் அவரு வீட்டுலதான இருக்காரு.”

மறுநாள் காலை, காப்பி குடிக்கும்போது, ஊர்வீட்டைத் திறந்து வெள்ளையடித்துத் தரச் சொன்னார். முடிவு செய்துவிட்டுச் சொல்பவரின் குரல் அது. சென்னையும் கோவையும் நாங்களும் பல நாள் பேசினோம். தனியாக எப்படி, இரவில் ஏதேனும் ஆனால் யார், ஊர் என்ன சொல்லும் என்ற மூன்று கேள்விகளைச் சுற்றியே பேச்சு நடந்தது. அவற்றில் மூன்றாவதே அதிக நேரம் எடுத்தது. அம்மாவிடம் கேட்டபோது, “பக்கத்து வீட்டுக்காரி காலைல சன்னல்ல எட்டிப் பாப்பா” என்றார். அது படத்திலிருந்து சொன்னதா, ஊரிலிருந்து சொன்னதா என்று எங்களால் பிரிக்க இயலவில்லை.

கோவைப் பயணச்சீட்டை ரத்து செய்தோம். அம்மா இப்போது ஊரில் இருக்கிறார். அச்சம் நீங்கிவிட்டது என்று சொல்ல முடியாது. இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசி எடுக்கப்படும்வரை இருவரில் ஒருவர் கூடத்தில் நடந்துகொண்டேதான் இருக்கிறோம். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை பேருந்தில் போகிறோம். மடிக்கணினியை மணைப்பலகைமேல் வைத்துப் பாயில் அமர்ந்தால் உயரம் சரியாக இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண்மணியும் வந்துவிடுகிறார். அவருக்கு 'டோக்கியோ ஸ்டோரி'யை அம்மாவே முன்பு சொல்லியிருக்கிறார். அவர் சொன்ன கதையில் ஷிகேக்குக் கூடுதல் இடம் உண்டு.

படம் தொடங்குமுன் அம்மா கேட்பது ஒன்றுதான்: “இன்னைக்கு எந்த ஊரு?” வரும் சனிக்கிழமை ஈரான். நண்பனின் குறிப்பேட்டைத் தவறுதலாக எடுத்துவந்துவிட்ட சிறுவன், அதைத் திருப்பிக் கொடுக்க அவன் வீட்டைத் தேடி மலை ஏறி இறங்கும் அப்பாஸ் கியரோஸ்தமியின் 1987ஆம் ஆண்டுப் படம். கதையைத் தொலைபேசியில் சுருக்கமாகச் சொன்னோம். வீடு கிடைத்ததா என்று கேட்டார். வந்து சொல்கிறோம் என்று வைத்துவிட்டோம்.